குலநோயும் வினைநோயும்

கொட்டிவாக்கத்தில் வாழும் அன்பரொருவர் சின்னாட்களுக்குமுன் எம்பால் வந்து ஒரு வினா நிகழ்த்தினார். அவர் தம்பியார்க்கு இருபதாண்டாக மனச்சிதைவு நோய். அதனைக் கேள்வியுற்ற பிள்ளைவீட்டார், 'இது குருதிவழி வருவது' எனக் கூறி, அன்பர் மகளின் மணப்பேச்சைக் கைவிட்டனர். சுற்றத்துப் பெரியவரொருவரோ, 'எல்லாம் பிராரத்தம், மருந்து எதற்கு?' என்றனராம். இவ்விரண்டனுள் எது மெய் என்பது வினா.

முன்னையதை நோக்குவாம். இந்நோய் பொதுமக்களுள் நூற்றுவர்க்கு ஒருவர் என்னும் அளவினது. நோயாளர்தம் உடன்பிறந்தார்க்கு ஒன்பதின்மர் அளவிலும், உடன்பிறந்தாரின் மக்கட்கு மூவர் நால்வர் அளவிலும் வருமென மேனாட்டுக் குடும்ப ஆராய்ச்சிகள் கணக்கிட்டன. எனவே அப்பெண்ணையொத்தார் நூற்றுவருள் தொண்ணூற்றறுவர் இந்நோயின்றியே வாழ்வர். மரபணு ஒன்றேயாகிய ஒருகரு இரட்டையருள்ளும், ஒருவர் நோயுற்றவிடத்து மற்றவர் நோயுறுதல் ஏறத்தாழப் பாதியளவே. 2022-ல் வெளிவந்த பேராய்வொன்று மரபணுத் தொகுதியில் 287 இடங்களை இந்நோயோடு இயைபுடையனவாகக் கண்டது. அவ்விடத்து வேறுபாடுகளுட் பல நோயில்லாரிடத்தும் உள்ளனவே.

இனி, மரபணுவின் எழுத்து மாறாதிருக்கவே, அதன்மேல் மெத்தில் முதலிய இரசாயனக் குறிகள் ஏறி, எது வாசிக்கப்படும், எது வாளா கிடக்கும் என்பதை மாற்றும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டிற் போரினாற் கடும்பஞ்சம் நேர்ந்தது. அப்போது கருவானாரிடை இந்நோய் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அறுபதாண்டு கழிந்தும் அக்காலத்துக் கருவானாரின் குறிகள் அவர் உடன்பிறந்தாரின் குறிகளினின்றும் வேறுபட்டிருந்தமை 2008-ல் காட்டப்பெற்றது. அக்குறிகளே நோய்க்குக் காரணமென நிறுவப்பெறவில்லை. ஆயினும் தாயின் பசியைக் குலத்தின் பழியாக்குதல் எவ்வாறு தகும்?

பின்னையது, சித்தாந்தம் பயிலாமையால் வந்தது. தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியம். மூளையும் மரபணுவும் அவற்றுள் அடங்குஞ் சடம். பெற்றோரினின்று மக்கட்குச் செல்வது. கன்மமோ ஆன்மாத்தோறும் வேறு. தந்தை வினை மகனைப் பற்றாது. மரபணுவே வினையென்பார் மாயையையுங் கன்மத்தையும் மயக்கினராவர். (இரட்டையர் வேறுபாட்டைக் கண்டு, 'வினை நிறுவப்பட்டது' எனக் களிப்பாரும் உளர். கருப்பைச் சூழலும் தற்செயலும் அதற்குக் காரணமாகலாம் என்பர் ஆராய்ச்சியாளர். நம் சாத்திரத்திற்கு அக்கடன் வேண்டா.) நோயை ஊட்டும் பிராரத்தம் மருந்தையும் ஊட்டாதென்று கண்டவர் யாவர்? பிறர் வினையை எடுத்தியம்பி மருத்துவத்தைத் தடுப்பார் தமக்கே ஆகாமியம் ஈட்டுகின்றனர்.

கொட்டிவாக்கத்தை அடுத்த திருவான்மியூரில் இறைவன் திருநாமமே மருந்தீசர். அகத்தியர்க்கு மருத்துவம் உபதேசித்தருளினான் என்பது தலவரலாறு. சாரதா மேனன் அம்மையார் 1984-ல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையிலேயே உள்ளது. இவற்றைக் கூறக் கேட்ட அன்பர், தம்பியாரை மீண்டும் மருத்துவர்பால் அழைத்தேக இசைந்தார். பிள்ளைவீட்டார்க்கு யாது எழுதுவதென்பது மட்டும் அவர்க்கு இன்னும் துணியப்படவில்லை.