ஒரே பருவம், மூன்று பயிற்சியாளர்கள்

லோஹேகாவ் விமான நிலையத்துக்கும் பாலேவாடி மைதானத்துக்கும் நடுவே புனே நகரமே கிடக்கிறது. 2014-இல் தொடங்கிய எஃப்சி புனே சிட்டி கால்பந்து அணி அந்த மைதானத்தில்தான் ஆடியது. பிராங்கோ கொலம்பா, டேவிட் பிளாட், அன்டோனியோ ஹபாஸ் என ஆண்டுக்கொரு பயிற்சியாளர். 2017-18இல் ராங்கோ போபோவிச் வந்து அணியை முதன்முறையாக இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) அரையிறுதிவரை கொண்டுபோனார். அடுத்த பருவத்தில் அவர் இல்லை. மிகேல் ஆங்கெல் போர்ச்சுகல் மூன்றே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். பிரத்யும் ரெட்டி இடைக்காலப் பொறுப்பேற்றார். பின்பு பில் பிரவுன்.

மூன்று ஆட்டங்களில் எந்த மனிதரை எடைபோட முடியும்? புதிய பயிற்சியாளர் வந்தால் ஆட்டமுறை மாறும், பிடித்த வீரர்கள் மாறுவார்கள். நேற்றுவரை கற்றதை இளம் வீரர் மறக்க வேண்டும். தோல்விக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரை அனுப்பிவிடுவது எளிது; அணியைக் கட்டுவதுதான் கடினம். இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் என்ற சிறிய கிளப்பைப் பாருங்கள். அங்கே வோல்கர் ஃபின்கே 16 ஆண்டுகள் இருந்தார். அணி கீழ்நிலை லீகுக்கு இறங்கியபோதும் அவரை அனுப்பவில்லை, மறுபடி மேலேறினார்கள்.

புனே கிளப் 2019-இல் பணநெருக்கடியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. முதல் பருவம் அங்கும் படுதோல்விதான். 2020-இல் வந்த மனோலோ மார்கெஸுக்கு அவகாசம் கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற அந்த அணியில், புனேயிலிருந்து போன நிகில் பூஜாரியும் இருந்தார்.