எத்தனை துணி போதும்?

மார்கழி விடியலில் ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிப்டு போகிறவர்களைப் பாருங்கள்: ஜெர்கின், அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் பனியன், ஹெல்மெட்டுக்குள் மப்ளர். ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பைக்கில் போனால் குளிர் எலும்பைத் தொடும்.

எத்தனை அடுக்கு போதும்? புத்தர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்ததாக விநயபிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. பிக்குகள் சீவரம் எனும் துறவாடை மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து வருவதைக் கண்டவர், வைசாலியில் பனிக்கால இரவொன்றில் ஒற்றை ஆடையோடு திறந்தவெளியில் உட்கார்ந்தார். முதல் யாமம் முடிந்ததும் குளிரெடுத்தது, இரண்டாவதைப் போர்த்தினார். நடு யாமம் கழிந்து மூன்றாவது, விடியலில் நான்காவது. பிறகு மூன்று சீவரங்களை அனுமதித்தார். மேலாடை மட்டும் இரட்டை மடிப்பு. கணக்கு சரியாகிவிட்டது!

சமணத் திகம்பர முனிவர்களுக்கோ ஒரு துணிகூட உடைமையில்லை.

துணி சூட்டை உண்டாக்குவதில்லை. அடுக்குகளுக்கிடையே சிக்கும் காற்றுதான் உடற்சூட்டைக் காக்கிறது. பருத்திப் பனியனோடு ஓசூரின் சந்திரசூடேஸ்வரர் மலையேறினால் வியர்வை அதிலேயே தங்கி, உச்சிக் காற்றில் நடுங்க வைக்கும். உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி தெர்மல்தான் அங்கே சரி.

மெரினோவிலும் ஒரு சங்கடம் உண்டு. ஈத்தாக்குதலைத் தடுக்க ஆஸ்திரேலியப் பண்ணைகள் பலவற்றில் ஆட்டுக்குட்டியின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கிறார்கள். கொல்லாமையைப் பேணுகிறவர், அப்படி அறுக்காத பண்ணைக் கம்பளிதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குவதே நல்லது.