முதல் ஒட்சிசன் ஏறட்டும்!

தங்கச்சி, நமுனுகுல மலையில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, கண் இருண்டு, தேயிலை வாதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அதற்குச் சோம்பல் என்று பேர் வைத்தது யார்? கங்காணி சொல்லட்டும், மாமியார் சொல்லட்டும். நீ சொல்லாதே! கீழிமையை இழுத்துக் கண்ணாடியில் பார். உட்புறம் வெளிறிக் கிடந்தால் உனக்கு ரத்தம் காணாது. அளந்து சொல்லக்கூடிய, ஏற்றிவிடக்கூடிய குறை அது.

உனக்குள் நடப்பதைக் கேள். உன் ஒரேயொரு செங்குழியத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வோர் அணுவும் நுரையீரலில் ஓர் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும். முதலாவதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அது ஏறியதும் மூலக்கூறின் வடிவமே இளகிக் கொடுக்கும். அடுத்தது சுலபமாக ஏறும், நான்காவது இன்னும் சுலபமாக. மலையேறிய காலிலும் கொழுந்தெடுத்த கையிலும் தசை சூடாகி அமிலம் கூடுகிறதே, அங்கேதான் ஈமோகுளோபின் ஒட்சிசனைத் தாராளமாக இறக்கும். பாடுபடும் இடத்துக்குக் கூடுதல் பங்கு! தோட்டத்தில் கிடைக்காத நியாயம் உன் ரத்தத்தில் ஓடுகிறது.

அதற்கு இரும்பு வேண்டும். 120 நாளில் சாகும் செங்குழியத்தின் இரும்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதவிடாயிலும் பிரசவத்திலும் போனது, கொக்கிப்புழு உறிஞ்சியது திரும்பாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். நீயோ ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கிறாய். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் மறிக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் மணமேறும் ஊவாத் தேயிலைக்கு உலகமே விலை கொடுக்கிறது. அதைப் பறிக்கும் உனக்கு அது கெடுதல் செய்யலாமா? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி. முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழி, நெத்தலிக் கருவாடு சேர். பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியதுதான் எனக்கு என்ற பேச்சை இன்றோடு விடு!

ரத்தம் சோதிக்கக் கிளினிக்குக்குப் போனால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும் என்கிறாய். லயத்து அடுப்பில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன், போ! பக்கத்துக் காம்பிரா அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. ஒருத்தி கிளம்பினால் நாலு பேர் பின்னால் வருவார்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் ரத்தத்தில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. துண்டில் எழுதிய எண்ணை நீயே வாசி. விளங்காவிட்டால் திரும்பக் கேள், தமிழில் கேள். அது உன் உரிமை. இரும்பு மாத்திரைக்கு மலம் கறுக்கும், வயிறு புரட்டும். பயந்துபோய்த் தகரக் கூரையின் இடுக்கில் செருகி வைக்காதே! எண் ஏறிய பிறகும் மூன்று மாதம் குடித்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லையா? தலசீமியாவாக இருக்குமா, பரிசோதியுங்கள் என்று பதுளைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய் நிமிர்ந்து நின்று கேள்!