சுண்ணாம்பின் களைப்பு

கம்பம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு வெற்றிலைக் கடை. சுண்ணாம்பு டப்பாவை ராத்திரி மூடாமல் விட்டிருக்கிறார்கள். காலையில் மேலே வெள்ளையாக ஆடை கட்டிக் கிடந்தது. கடைக்காரர் அதை விரலால் வழித்துப் போட்டார். "காத்துப் பட்டாச் செத்துப்போகும்ண்ணே."

காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்து அது மறுபடி கல்லாகியிருந்தது. அவர் செத்ததென்று வழித்துப் போட்டதைத்தான் ஆய்வுக்கூடங்கள் பாடுபட்டு வரவழைக்கின்றன.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி வாக்கில் சுட்டால் வாயு கழன்றுவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பை 650 டிகிரியில் ஆலைப்புகையில் காட்டினால், விட்டதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கணக்குப்படி 56 கிலோ சுண்ணாம்புக்கு 44 கிலோ வாயு. பிறகு வேறொரு உலையில் சுட்டு வாயுவைத் தனியே பிரித்துவிட்டு, சுண்ணாம்பை மறுபடி புகைக்கு அனுப்ப வேண்டும். 1999இல் ஜப்பானில் ஷிமிசு குழுவினர் இந்தச் சுழற்சியை அனல்மின் நிலையங்களுக்கு முன்மொழிந்தார்கள். ஸ்பெயினின் லா பெரேடாவில் நிஜமான மின்நிலையப் புகையிலேயே வேறொரு குழு இதைச் சோதித்தும் பார்த்தது. நம் பக்கம் தூத்துக்குடியில் 2016இல் ஓர் அல்கலி ஆலை கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே வாயுவைப் பிடிப்பது சுண்ணாம்பல்ல, ஒரு திரவம்.

சுண்ணாம்பு ஒருமுறை பிடிப்பதில் குறையே இல்லை. விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னால்தான் சோர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி, நுண்துளைகள் அடைபடுகின்றன. சில பத்துச் சுற்றுகளில் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். நூற்றுக்கணக்கில் சுற்றினால் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம். ஒட்டாமலிருக்க இடையில் அலுமினா, மக்னீசியா என்று எதையாவது நுழைக்கிறார்கள். டோஷிபா லித்தியம் சிலிகேட் பக்கம் போனது. சுண்ணாம்பு விலைக்கு லித்தியம் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் விளைவதே சுண்ணாம்பின் தயவில்தான். பென்னிகுவிக் 1895இல் முடித்த பெரியாறு அணையின் வயிற்றில் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும். அங்கே சுண்ணாம்பு காற்றை நம்பி இருக்கவில்லை. சுர்க்கி என்கிற செங்கல் பொடியோடு சேர்ந்து இறுகிக்கொண்டது. கசிவுநீரில் எவ்வளவு சுண்ணாம்பு கரைந்து போகிறது என்று இரண்டு மாநிலங்கள் வாதாடித் தீர்த்தன. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சந்தேகம் ஓயவில்லை. நூற்று முப்பது வருஷமாக அசையாமல் நிற்கும் சுண்ணாம்புக்கு அந்த மரியாதை. நாளெல்லாம் உலைக்கும் உலைக்குமாக அலைகிற சுண்ணாம்போ, ஆயிரம் சுற்று தாங்க வேண்டுமாம்.

வாயுவைப் பிரிக்கும் அந்த இரண்டாம் உலைக்கும் எரிபொருள் வேண்டும். அதன் புகை பிடித்த வாயுவோடு கலந்துவிடக் கூடாது என்பதால் சுத்த ஆக்சிஜனில் எரிக்கிறார்கள். ஆக்சிஜனைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது சபை நாகரிகமல்ல.

கடைக்காரரிடம் சும்மா கேட்டு வைத்தேன்: "செத்த சுண்ணாம்பைத் திரும்பச் சுட்டா சரியாகாதா?"

"ஆகும்ண்ணே," என்று டப்பாவை மூடினார். "வெறகு யாரு குடுக்குறது?"