கொடாததை எடுத்தல்



சென்ற பௌர்ணமியன்று மாரிகுப்பத்துச் சங்க மண்டபத்தில் பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தைக் குறித்துப் பேசி முடித்து, பிள்ளைகளுக்குச் சுண்டல் பங்கிட்டுக் கொண்டிருந்தோம். அவ்வமயம் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்து வந்து தமது கைபேசியை எம்மிடம் நீட்டினார். "ஐயா, கொடாததை எடுப்பது களவு என்றீர்கள். மாதந்தவறாமல் என் கணக்கிலிருந்து 149 ரூபாய் போகிறது. ஏதோ பாட்டுக் கேட்கும் செயலியாம். முதல் மாதம் இலவசம் என்று காட்டியது. நானேதான் 'சரி' என்று அழுத்தினேன். நானே கொடுத்துவிட்டபின் இதைக் களவென்று சொல்லலாமா?" என்று வினவினார். அவர் வீடுகளிற் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். எமக்கு உடனே விடை எழவில்லை. அடுத்த பௌர்ணமிக்குச் சொல்கிறோம் அம்மா என்று அனுப்பிவிட்டோம். அவ்விடையை இங்கு எழுதலாயினோம்.

பகவன் அருளிய சீலத்திற் களவு என்னும் சொல் இல்லை. 'அதின்னாதானம்', அதாவது கொடுக்கப்படாததை எடுத்தல், என்றே பாலியில் உள்ளது. ஆகவே எடுத்தவன் யார் என்று கேட்குமுன், கொடுத்தல் என்பது யாது என்று கேட்டல் வேண்டும். பழைய உரையாசிரியர்கள் இக்குற்றத்தை ஐவகையாகப் பிரித்துக் காட்டினர்: திருடிக் கவர்தல், வன்மையாற் பறித்தல், மறைத்துக் கவர்தல், முன்னரே எண்ணித் திட்டமிட்டுக் கவர்தல், பங்குச் சீட்டை மாற்றிக் கவர்தல். இவற்றுள் மூன்றாவதை நோக்குங்கள். ஒருவன் தரையிற் கிடக்கும் பிறர்பொருளைப் புழுதியாலோ இலையாலோ மூடிவைத்து, உடையவர் தேடிக் காணாது போனபின் எடுத்துச் செல்கிறான். அம்மையாரின் கைபேசியில் மூடப்பட்டது பொருளன்று, வெளியேறும் வாயில். 'சரி' என்னும் பொத்தான் கட்டைவிரலளவு பெரிதாய், பச்சை வண்ணத்தில் மின்னுகிறது. அடுத்த மாதம் முதல் பணம் பிடிக்கப்படும் என்னும் செய்தியோ, எறும்பெழுத்தில், அவர் அறியாத ஆங்கிலத்தில் இருக்கிறது. நிறுத்தும் இடத்தைத் தேடி யாமும் ஒரு மணி நேரம் திரிந்தோம், கிட்டவில்லை. பேசி முறையிடலாமென்றால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரக் குரலே கேட்கிறது. அவர் கொடுத்தது ஒரு மாதப் பாட்டிற்கான இசைவு. அந்த 149 ரூபாயை அவர் கொடுக்கவில்லை. ஆதலின் அம்மா, அது களவே.

இது எமது மிகைக் கூற்று அன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், வாங்குவோரை மயக்கும் இத்தகைய சூழ்ச்சிகள் 13 வகையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று. கேளாத பொருளைக் கூடையிற் சேர்த்துவிடுதல் மற்றொன்று. முறையிட 1915 என்னும் எண் உண்டு, தமிழிலும் பேசலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், மாதந்தோறும் தானே பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னரே அறிவிப்பு அனுப்ப வேண்டும். அம்மையாருக்கும் அனுப்பித்தான் இருந்தனர், ஆங்கிலத்தில்! கைபேசியில் வரும் குறுஞ்செய்திகளை ஆங்கிலம் படித்த பிள்ளைகளிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள், நாணம் வேண்டாம்.

எடுக்கப்படுவது பணம் மாத்திரமன்று. 1930ஆம் ஆண்டில் இத்தங்கவயலின் தொழிலாளர், கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற புதிய ஏற்பாட்டை எதிர்த்து வேலையை நிறுத்தினர். எழுத்தறியாத அம்முன்னோர் தம் விரலின் தடத்தையும் தமது உடைமையாகவே எண்ணினர் போலும். இன்று நாமோ விரலையும் முகத்தையும் உற்றார் உறவினர் எண்களையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிறோம். கொடாவிடில் கதவு திறவாது. 2021இல் வாட்ஸ்அப் செயலி, புதிய விதிகளை ஏற்றால் இருக்கலாம், இன்றேல் போகலாம் என்ற முறையில் இசைவு பெற்றமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வேறு வழியின்றி அளித்த இசைவு கொடையாகுமோ?

இனி, இக்கைபேசிகள் செய்யப்படும் இடத்தையும் பாருங்கள். தொலைவிற் செல்ல வேண்டா. நமது கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையில், 2020 டிசம்பர் 12 அன்று தொழிலாளர் கொதித்தெழுந்து கண்ணாடிகளையும் பொருள்களையும் உடைத்தனர். உடைத்ததை யாம் ஏற்கவில்லை. ஆனால் 21,000 ரூபாய் என்று சொல்லி அழைத்து, வந்தபின் குறைத்துக் கொடுத்தனர் என்றும், 12 மணி நேரம் வேலை வாங்கினர் என்றும் அவர்கள் முறையிட்டனர். சிலருக்குச் சம்பளம் சரியாகவும் உரிய காலத்திலும் தரப்படவில்லை என்று ஒரு வாரத்தில் அக்கம்பெனியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இராசகிருகத்தில் திசைகளை வணங்கி நின்ற சிகாலனுக்குப் பகவன் உரைத்ததை நினையுங்கள்: கீழ்த்திசையாவது வேலையாட்கள், அவர் வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயிற் பேணுதல், சுவையானதைப் பகிர்தல், காலத்தில் ஓய்வு ஆகிய ஐந்தும் எசமானன் கடன். 10,000 அடிக்கு மேல் கீழிறங்கிப் பொன் தோண்டியவர் வழிவந்த நமக்குக் கீழ்த்திசை இன்னதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை!

யாம் இயந்திரத்திற்குப் பகைவர் அல்லோம். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் முதன்முதலாக வந்து எரிந்தது நமது வயல்களில் அன்றோ? அவாவே பகை. அந்த அவா கம்பெனிக்காரரிடம் மட்டும் இருக்கிறதென்று எழுதி முடித்தால் எமக்கு எளிது. ஆயினும் அன்று மற்றொன்றும் நடந்தது.

அம்மையார் போனபின் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தயங்கி நின்றார். 2001இல் சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பலரைப்போல் அவரும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் செல்பவர். தந்தை மார்நோயாளி. "ஐயா, சந்தாவை நிறுத்தச் சொல்லி அழைப்பவர்களைத் தடுத்து நிறுத்துவதே என் வேலை. மூன்று முறை ஆசை காட்டிய பிறகே விடவேண்டும். அதிகம் பேரை விட்டால் என் ஊக்கத்தொகை போய்விடும். இது நற்சீவனமா?" என்றார்.

அவரை இகழ எமக்கு வாய் வரவில்லை. நூற்பாலையில் யாம் வேலை பார்த்த நாளில், ஷிப்டு முடிவில் ஹேங்க் மீட்டரைப் பார்த்து உற்பத்தி எழுதும் பொறுப்புச் சில காலம் எம்மிடம் இருந்தது. மேஸ்திரி சொற்படி ஒவ்வொரு பெண்ணின் கணக்கிலும் சிறிது குறைத்தே எழுதினோம். அவர்கள் மீட்டரைப் படிக்க அறியார். எட்டு மாதம் எழுதினோம். பின் அப்பொறுப்பு வேண்டாமென்று மறுத்து மீண்டும் இரவு ஷிப்டிற்குச் சென்றோம். அப்பெண்களிடம் இன்றுவரை அதனைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறோம்.

இதனை அத்தம்பியிடமும் சொன்னோம். நாளையே வேலையை விடு என்று சொல்லவில்லை. அவர் வீட்டு அடுப்பை யாம் அறிவோம். வேண்டாமென்று ஒருவர் தெளிவாய்ச் சொன்னால் முதல் முறையே விட்டுவிடு தம்பி என்றோம். "ஊக்கத்தொகை ஐயா?" என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் தாமாகவே வந்து அம்மையாரை அழைத்துவரச் சொன்னார். மண்டபத் திண்ணையில் அவர் பக்கத்தில் அமர்ந்து கைபேசியை வாங்கி, "இங்கேதான் அம்மா ஒளித்து வைப்போம்" என்று விரல் வைத்துக் காட்டினார். பாட்டுச் செயலி ஒன்றன்று, மூன்று இருந்தன.