பந்தியும் முகவரியும்

பேரிடரில் ஒரு சமூகத்தைத் தாங்கிப் பிடித்த பெண்களுக்கு, பேரிடர் முடிந்தபின் அச்சமூகத்தின் முடிவுகளில் உரிமை உண்டா? உண்டு என்று சொல்லலாம். ஆனால் உரிமை கேட்டால் அது சேவையாகுமா என்ற கேள்வியும் கூடவே வரும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நேபாளித் திருச்சபைகளை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

கொலம்பஸ், ஆக்ரன் நகரங்களில் வாழும் நேபாளி பேசும் மக்களில் மிகப் பலர், 1990களின் தொடக்கத்தில் பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நேபாளத்தின் ஜாப்பா, மொரங் மாவட்ட முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்து, 2008 முதல் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பான்மை இந்துக்கள், ஒரு பகுதியினர் கிறிஸ்தவர்கள். இவர்களுடைய சபைகளில் சொந்தக் கட்டடம் இல்லாதவை உண்டு. அமெரிக்கச் சபை காலை ஆராதனையை முடித்துப் போனபின், அதே மண்டபத்தில் பிற்பகலில் கூடுவார்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். நாடு மாறியதில் ஆராதனைக்குரிய கிழமையும் மாறிவிட்டது!

2020 மார்ச்சில் மண்டபங்கள் பூட்டப்பட்டன. சபை ஜூமுக்குப் போனது என்கிறோம். ஜூமுக்குப் போனது பிரசங்கம். மற்றதெல்லாம் அடுப்படிக்கும் கைபேசிக்கும் போயிற்று. கிடங்கிலோ முதியோர் பராமரிப்பிலோ வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற வசதி இல்லை. நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் மூன்று தலைமுறைக்கும் பரவும். அந்த வீட்டு வாசலில் சோறும் பருப்பும் வைப்பது, ஆங்கிலம் தெரியாத பாட்டிக்காக மருத்துவமனையோடு பேசுவது, துக்க வீட்டைத் தொலைபேசியில் தேற்றுவது: இவை வழக்கம்போல் பெண்களின் தலையில்தான் விழும்.

இந்தப் பிரிவினை பழையது. அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வரும் பிணக்கே சோற்றைப் பற்றியதுதான். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகக் கிடைக்கவில்லை. வேற்றுமொழிப் பெண்களின் பசி அது. தீர்வாக ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள், ஏழு பேரும் ஆண்கள். ஜெபமும் வசனமும் அப்போஸ்தலர்களிடமே நின்றன. பந்தி விசாரணை வேறு, போதனை வேறு என்று ஒரு கோடு விழுந்தது. புறக்கணிக்கப்பட்ட விதவைகளில் ஒருத்தியின் பெயர்கூட அங்கே இல்லை.

செய்த வேலைக்குக் கூலியாக அதிகாரம் கேட்டால், கணக்குப் பார்க்கலாமா சகோதரி என்பார்கள். கணக்குப் பார்க்காத மனம் உயர்ந்ததுதான். அந்த உயர்வை எப்போதும் ஒரு பாலிடம் மட்டுமே எதிர்பார்ப்பது ஏன்? இருந்தாலும் என் வாதம் கூலியைப் பற்றியதல்ல. கூலி என்று பேசினால், நோயில் படுத்துக் கிடந்தவளுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் உரிமையே இல்லாமல் போகும். உரிமை, முடிவின் விளைவைச் சுமப்பதிலிருந்தும், அதைப் பற்றிய அறிவிலிருந்தும் வருகிறது.

இரவல் மண்டபத்தை நம்ப முடியாது என்று ஒரு சபை இடம் மாறத் தீர்மானிக்கிறது என்று வையுங்கள். நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் மலிவாக ஒரு கட்டடம் கிடைக்கிறது. பெரிய மேடை, தாராளமான கார் நிறுத்தம். எந்தப் பாட்டிக்குப் படியேற முடியாது, எவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, யார் இரவு வேலை முடித்து நேரே ஆராதனைக்கு வருகிறாள் என்பதெல்லாம் அந்த இரண்டு ஆண்டுகள் வாசல் வாசலாகப் பாத்திரம் தூக்கியவர்களுக்குத் தெரியும். பத்திரத்தில் கையெழுத்திடும் குழுவில் அவர்களில் எத்தனை பேர்? பேருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று கேட்பது யார்?