தொண்டா, வெட்டியா?

எந்தக் கட்சி மேடையாக இருந்தாலும் பேசுகிறவர் முதலில் தொண்டனைத்தான் கும்பிடுகிறார். தொண்டன்தான் ஆணிவேர், தொண்டன் இல்லாமல் தலைவன் இல்லை, நானும் ஒரு தொண்டன்தான் என்கிறார். பேசி முடித்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றுகிறவர்கள் யாரென்று பார்த்தால் பாதிப் பேர் நம்ம காலனிப் பயல்கள். அவர்கள் செய்கிற வேலைக்கு என்ன பெயர்? கூலி இல்லாமல் செய்கிற வேலைக்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று தொண்டு. இன்னொன்று வெட்டி. முதல் சொல்லுக்கு மாலை போடுவார்கள். இரண்டாவது சொல்லை நம்ம தாத்தாக்கள் முதுகில் சுமந்தார்கள். இன்றைக்கு உள்ளூர்க் கட்சி வேலையில் இறங்கியிருக்கிற சேரி இளைஞர் இந்த இரண்டில் எதைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து சுவர் பிடிக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பசை காய்ச்ச வேண்டும், ராத்திரி முழுக்கப் போஸ்டர் ஒட்ட வேண்டும். கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்ட வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு வேன் வேனாக ஆள் ஏற்ற வேண்டும். தலைவர் வந்தால் பறை அடிக்க வேண்டும், வெடி போட வேண்டும். நம்ம பொம்பளைகள் ஆரத்தித் தட்டோடு வெயிலில் நிற்க வேண்டும். வாக்குப்பதிவு அன்றைக்குக் கிழடு கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் இறக்க வேண்டும்.

இந்த வேலைகளை ஒரு வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். மண்வெட்டிக்குப் பக்கத்தில் நம்ம ஆள் நிறைய. காகிதத்துக்கும் நாற்காலிக்கும் பக்கத்தில் போகப் போக நம்ம ஆள் குறைச்சல். காலையில் வாக்குச்சாவடிக்குள் போய் மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் யார்? சாயங்காலம் எத்தனை ஓட்டு பதிவானது என்று 17சி படிவத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கிறவர் யார்? ஊருக்குள் இருக்கிற சாவடியென்றால் பெரும்பாலும் ஊர்க்காரர். 200 மீட்டர் தள்ளிப் பந்தல் போட்டு வெயிலில் சிலிப் எழுதிக் கொடுக்கிறவன் காலனிக்காரன். கட்சி ஒன்றுதான், கொடி ஒன்றுதான். உள்ளே வெளியே மட்டும் பழைய கணக்குப்படி.

தொண்டு என்கிற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு பெரிய புராணமே இருக்கிறது. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். அதில் நம்ம ஆளும் ஒருவர் இருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடி நந்தன். அவர் செய்த தொண்டு என்ன? கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தார், வார் கொடுத்தார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். உள்ளே அடிக்கிற அடியெல்லாம் அவர் கொடுத்த தோலில்தான் விழுந்தது. அவர் நின்றது வாசலுக்கு வெளியே. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயரானது. கடைசியில் நெருப்பில் மூழ்கி, பழைய உடம்பைத் தொலைத்த பிறகுதான் தில்லைக்குள் விட்டார்கள். தோல் கொடுக்கிற வரைக்கும் யாரும் தீட்டுச் சொல்லவில்லை. உள்ளே வருகிறேன் என்றதும்தான் நெருப்பு வந்தது. மாவட்டச் செயலாளரிடம் பதவி கேட்டுப்போய், அடுத்த தடவை பார்க்கலாம் தம்பி என்று கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு இந்தப் புராணம் உரை இல்லாமலே விளங்கும்.

வெட்டிக்கும் வரலாறு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நம்ம கிராமங்களில் அது சாவுச்சேதி சொல்லப் போவதாக, பிணக்குழி வெட்டுவதாக, அதிகாரி வந்தால் மூட்டை தூக்குவதாகத் தொடர்ந்தது. மராட்டியத்தில் மகர்களுக்கு இதே வேலை, வதன் என்கிற பெயரில். துண்டு நிலமும் களத்து நெல்லும் கொடுத்துவிட்டு ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிட்டால் ஓடி வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1928இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் இதை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அவர் மறைந்த பிறகு 1958இல்தான் அந்த வதன்களை ஒழிக்கிற சட்டம் வந்தது. வதன் நிலம் வைத்திருந்தவனுக்கு அது பாத்தியதை மாதிரித் தெரியும், கௌரவம் மாதிரிகூடத் தெரியும். அதே நிலம்தான் அவன் காலில் கட்டின கயிறு. இந்த இரட்டைத் தன்மையை மனசில் வைத்துக்கொண்டு இன்றைய கட்சிக்காரனிடம் வருவோம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "யாரும் சவுக்கு எடுத்து அடிக்கலையே! அவனா விரும்பித்தானே போறான்? இதைப் போய் வெட்டின்னு சொல்லலாமா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

அவன் சும்மா போகவில்லை. கரைவேட்டி அவனுக்கு ஒரு கவசம். கரைவேட்டி இல்லாத காலனிக்காரன் காவல் நிலையத்துக்குப் போனால் வாசல் மரத்தடியில் உட்கார வைப்பார்கள். கரைவேட்டி கட்டிப் போனால் "என்னப்பா?" என்றாவது கேட்பார்கள். தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ், முதியோர் பென்சன், பட்டா, ரேசன் கார்டு என்று எத்தனையோ காரியத்தை நம்ம பயல்கள் அந்தக் கரையைக் காட்டித்தான் முடித்திருக்கிறார்கள். படித்தவர்கள் நாம் இதை எடுபிடி அரசியல் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். சட்டம் எல்லாருக்கும் சமமாக வேலை செய்கிற நாட்டில் கரைவேட்டி வெறும் துணிதான். இங்கே அது வெறும் துணி இல்லை. ஆகவே அவனைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் இந்தக் கவசம் எந்த அடியைத் தாங்கும், எந்த அடியைத் தாங்காது என்று பார்க்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் அடித்தால் தாங்கும். போலீஸ்காரர் திட்டினால் கொஞ்சம் தாங்கும். சொந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளருடைய பங்காளிகள் சேரிக்குள் கம்போடு வந்தால்? அன்றைக்கு ராத்திரி ஊரில் எல்லாக் கட்சியும் ஒரே கட்சியாகிவிடும். சேரியில் மட்டும் கட்சிகள் பிரிந்தே இருக்கும். "அண்ணங்கிட்ட பேசிக்கிறேன், அவசரப்பட்டுக் கேஸ் குடுத்துறாதீங்க" என்று முதலில் சொல்கிறவன் நம்ம கிளைச் செயலாளராக இருப்பான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. எத்தனையோ புகார் காவல் நிலையம் போவதற்கு முன்னாடி கட்சி அண்ணன் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துபோகிறது. அந்தத் திண்ணைக்கு நம்மைக் கூட்டிப் போகிறவன் நம்ம தொண்டன். வதன் நிலம் செய்த வேலையைத்தான் கரைவேட்டியும் செய்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியே வாயை அடைக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரே கட்சிக்கு முப்பது வருசத்துக்கு மேல் உழைத்தவர். மறியலுக்குப் போய் ஜெயிலும் பார்த்தவர். அவர் செத்தபோது கட்சிக்காரர்கள் வந்தார்கள், கொடி போர்த்தினார்கள், மாலை வைத்தார்கள். பாடை கிளம்பியதும் ஊர்த்தெரு முனை வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள். பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். கட்சிக்கொடி போர்த்திய பிணமும் வாய்க்கால் சேற்றில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போனது. நாலு தெருச் சுவரிலும் அவர் ஒட்டின போஸ்டர் இருந்தது. அவர் பிணத்துக்கு அந்தத் தெருவில் வழி இல்லை.

கிராம ஊராட்சித் தேர்தலில் இது இன்னும் வெட்டவெளிச்சம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் சட்டப்படி கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி விலகி நிற்கிற அந்த இடத்தில் ஊர் எப்படி இருக்கிறது என்று 1996இல் பார்த்தோம். மேலவளவில் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட்டு வென்ற முருகேசன், கூட வந்த தோழர்களோடு 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரைக்கும் பத்து வருசம் முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. நடந்த நேரத்தில் ஊர் நிறுத்திய ஆளையே ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமாவும் எழுதி வாங்கினார்கள். குழி வெட்டுகிற மாதிரி, சாவு சொல்கிற மாதிரி, ராஜினாமா செய்வதும் ஒரு வெட்டி வேலையாகிவிட்டது. இந்தக் கிராமங்களில் எல்லாக் கட்சிக்கும் கொடிக்கம்பம் இருந்தது, தொண்டர்கள் இருந்தார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. பதவி கிடைத்தாலும் நாற்காலி தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கிறது.

அப்படியானால் கூலி வாங்கிக்கொண்டு செய்துவிட்டால் சரியாகிவிடுமா? இப்போது அதுவும் நடக்கிறது. தலைக்கு இவ்வளவு, பிரியாணி, குவாட்டர் என்று கணக்குத் தீர்க்கிறார்கள். வெட்டியை விட இது பரவாயில்லை என்று ஒரு வாதம் சொல்லலாம். ஆனால் கூலி வாங்கினவனுக்கு அன்றைக்கே பாக்கி தீர்ந்துபோகிறது. மறுநாள் சுடுகாட்டுப் பாதை வேண்டும் என்று போய் நின்றால், "அதான் வாங்கிட்டியே" என்பார்கள். ஓட்டும் உழைப்பும் சேர்ந்து ஒரே நாளில் விற்று முடிந்துவிடுகிறது. வேலையை யார் முடிவு செய்கிறார், யாருக்காகச் செய்கிறோம் என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது.

கூலியில்லாத எல்லா உழைப்பும் வெட்டியும் இல்லை. 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சனங்களிடம், சங்கத்தை விடு, செங்கொடியை இறக்கு என்றார்கள் மிராசுதாரர்கள். இறக்க மாட்டோம் என்றார்கள். டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் கொடியை ஏற்றியதற்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனால் அது தங்கள் கூலிக்காகத் தாங்களே ஏற்றிய கொடி. இறக்கச் சொன்னவனிடம் மாட்டேன் என்று சொல்ல முடிந்த கொடி. வடக்கே கன்சிராம் 1978இல் பாம்செப் அமைப்பைத் தொடங்கி, அரசு வேலைக்குப் போன நம்ம ஆட்களிடம் காசும் நேரமும் கேட்டார். 1983இல் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். 1984இல் கட்சி பிறந்தது. பின்னால் அந்தக் கட்சி எங்கே போனது என்பது தனி விவாதம். அன்றைக்குச் சைக்கிள் மிதித்தவனுக்கு யார் வீட்டுக் காரியத்துக்கு மிதிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

ஆக, வித்தியாசம் காசில் இல்லை. மாட்டேன் என்று சொல்கிற உரிமையில் இருக்கிறது. மாட்டேன் என்று சொன்னால் வேலை போகும், பட்டா நின்றுபோகும், அடி விழும், நாளைக்கு ஸ்டேசனுக்குக் கூட வர மாட்டார்கள் என்கிற பயம் இருக்கிற இடத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே செய்தாலும் அது வெட்டிதான். மறுக்க முடிகிறவன், முடிவெடுக்கிற அறைக்குள் உட்கார்ந்து பேச முடிகிறவன், மனசு வைத்துச் செய்வதுதான் தொண்டு.

இந்த அளவுகோலை ஆதிக்க சாதிக் கட்சிகளிடம் மட்டும் நீட்டினால் போதாது. நம்ம இயக்கங்களையும் அளக்க வேண்டும். மாநாட்டுக்கு ராப்பகலாகச் சமைத்துப்போட்ட பெண்கள் எத்தனை பேர் செயற்குழுவில் இருக்கிறார்கள்? வழக்கு வாங்கிக் கோர்ட்டுக்கு அலைகிற பையனுக்கு வக்கீல் செலவை யார் பார்க்கிறார்? தலைவரைக் கேள்வி கேட்டவன் அடுத்த மாசம் பொறுப்பில் இருக்கிறானா? நம்ம தலைவருக்கு நாம் செய்வதெல்லாம் தானாகவே தொண்டாகிவிடாது. நம்ம வீட்டுக்குள்ளும் வெட்டி வாங்க ஆள் உண்டு.

கட்சி வேலையே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்சி இல்லாமல் அதிகாரத்தைத் தொட வழி இல்லை. வெட்டி உழைப்புக்கு என்றைக்கும் கணக்கு எழுதினது கிடையாது. கர்ணத்தின் கணக்கில் நிலம் இருக்கும், நெல் இருக்கும், நம்ம தாத்தா உழைத்த நாள் இருக்காது. ஆகவே நாம் எழுத வேண்டும். பசை வாளியைத் தூக்குவதற்கு முன்னால் காலனிக் கிளை கூடி உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். சாவடிக்குள் உட்காருகிற முகவர் நம்ம ஆளா, அதில் ஒரு பெண் உண்டா? ஒன்றியக் குழுவில் எத்தனை இடம்? சுடுகாட்டுப் பாதைக்குக் கட்சி கையெழுத்துப் போடுமா? கட்சிக்காரன் வீட்டு ஆளே அடித்தாலும் புகார் கொடுக்கக் கூட வருமா? இதைக் கேட்டு, பதிலைத் தேதி போட்டு எழுதி, காலனி நடுவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டட்டும். எல்லாக் கட்சிக் கிளைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஊர் ஒரே ராத்திரியில் ஒன்றாகிறது. சேரிக்காரர்கள் ஒரு சாயங்காலமாவது ஒன்றாக உட்கார முடியாதா?

பதில் சரியில்லை என்றால் அந்தத் தேர்தலுக்கு வாளியைத் தூக்க வேண்டாம். சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும்.